காற்று காட்டிய தீவு

மதுரைக்கு மேற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் போடிநாயக்கனூர். ஊருக்கு மேற்கே மலைகள் நெடுமதில் போல நிமிர்ந்து நிற்கின்றன. அம்மதிலின்மீது வளைந்து வளைந்து ஏறும் சாலை, போடிமெட்டைக் கடந்து ஏலமலைக்குள் புகுகின்றது. அங்கே ஓங்கி வளர்ந்த மரங்களின் நிழலில், ஈரம் உலராத மண்ணில் ஏலச்செடிகள் செழித்து நிற்கின்றன. செடியின் அடியிலிருந்து தரையோடு படரும் சரங்களில் காய்கள் விளைகின்றன. தொழிலாளர் குனிந்து, முற்றிய காயை மட்டும் தேர்ந்து பறிக்கின்றனர். ஐந்து கிலோ பச்சைக்காயை உலர்த்தினால் ஏறத்தாழ ஒரு கிலோ உலர்ந்த காயே கிடைக்கும்.

இம்மலைக்கு வளம் தருவது காற்று. ஆண்டுதோறும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகின்றது. மலையின் மேற்குச் சரிவில் மோதி மழையாகப் பொழிகின்றது. மலையைத் தாண்டி வரும் அக்காற்றில் ஈரம் குறைவு. ஆதலால் அம்மாதங்களில் போடிநாயக்கனூர் பெரும்பாலும் காற்றையே பெறுகின்றது, மழையைப் பெறுவதில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் காற்றின் திசை மாறுகின்றது. வடகிழக்கிலிருந்து வரும் பருவக்காற்று கிழக்குச் சரிவையும் அடிவாரத்தையும் நனைக்கின்றது. இவ்வாறு ஒரே மலை, ஆண்டில் இருமுறை, இருவேறு காற்றுகளின் வரவை உணர்கின்றது.

மலையில் விளைந்த காய் ஊருக்குள் இறங்கியதும் தராசை அடைகின்றது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல நிலையம் போடிநாயக்கனூரில் இயங்குகின்றது. வணிகர் காயின் நிறத்தையும் பருமனையும் கண்டு விலை கூறுகின்றனர். ஆயினும் விலை எவ்வளவு உயர்ந்தாலும், முடிவில் பொருளின் அளவைச் சொல்வது நிறைகல்லே. விற்போனை வாங்குவோன் அறியான்; வாங்குவோனை விற்போன் அறியான். இருவரும் நம்புவது நிறையை. நிறை பொய்த்தால் வாணிகம் பொய்க்கும்.

காற்றும் நிறையும் சேர்ந்து ஒரு தீவை மேலை உலகிற்கு அறிவித்த வரலாறு ஒன்று உண்டு. அது ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. வாணிகத்தின் பொருட்டுக் கடலில் சென்ற ஒருவன், தான் எண்ணாத திசையில் காற்றால் இழுக்கப்பட்டு, தான் அறியாத தென்தீவு ஒன்றில் கரையேறினான். அத்தீவு இலங்கை. அவ்வரலாற்றை எழுதி வைத்தவர் பிளினி என்னும் உரோம நாட்டு அறிஞர். அவர் இயற்றிய ‘இயற்கை வரலாறு’ என்னும் பெருநூல் கி.பி. 77ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அதன் ஆறாம் பகுதியில் இந்நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது.

அந்நாளில் உரோமர் தமிழகத்துப் பொருள்களை நன்கு அறிந்திருந்தனர். சேர நாட்டு மிளகு உரோமாபுரியின் கடைவீதிகளில் விலைபோயிற்று. தென்கடல் முத்து அந்நகரத்துச் செல்வப் பெண்டிரின் காதிலும் கழுத்திலும் ஒளிர்ந்தது. அகஸ்டஸ் பேரரசரின் காலத்தில், செங்கடலின் துறை ஒன்றிலிருந்து மட்டும் ஆண்டொன்றுக்கு 120 கப்பல்கள் வரை இந்தியாவிற்குப் புறப்பட்டன என்று ஸ்டிராபோ என்னும் நிலநூலறிஞர் குறித்துள்ளார். பருவக்காற்றின் போக்கை அறிந்து, கரையோரம் சுற்றாமல் நடுக்கடலில் நேரே செல்லும் வழியை மாலுமிகள் கைக்கொண்டிருந்தனர். பாண்டியன் கடற்கரைக்குத் தொலைவில், உள்நாட்டில் உள்ள மதுரை என்னும் நகரில் இருந்து ஆண்டான் என்பதையும் பிளினி குறிப்பிடுகின்றார். அம்மதுரைக்கும் மேலைக்கடலுக்கும் இடையே நிற்பவை போடிநாயக்கனூருக்கு மேற்கேயுள்ள இம்மலைகளே.

ஆயினும் பொருள் சென்ற அளவிற்கு, அப்பொருள் பிறந்த நிலத்தைப் பற்றிய அறிவு செல்லவில்லை. ‘கார்டமோமம்’ என்னும் நறுமண வித்தைப் பற்றிப் பிளினி எழுதுகின்றார். ஏலத்தை ஐரோப்பியர் இன்று அழைக்கும் பெயர் அச்சொல்லிலிருந்தே பிறந்தது. எனினும் அவர் அது அரேபியாவில் அறுவடை செய்யப்படுவதாகக் கூறுகின்றார். அவர் சொன்ன வித்து நம் ஏலந்தானா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஒன்று மட்டும் தெளிவு. ஒரு பொருள் பல கை மாறிச் செல்லுங்கால், கடைசியாக அதை வைத்திருந்தவன் நாடே அதன் தாய்நாடாகத் தோன்றும்.

இலங்கையைப் பற்றிய செய்தியும் அவ்வாறே மங்கலாக இருந்தது. கிரேக்கர் அதனைத் ‘தப்ரபேன்’ என்றனர். தாமிரபரணி என்னும் பெயரின் திரிபே அது. அது ஒரு தீவன்று, உலகின் மறுபுறத்தே உள்ள வேறோர் உலகம் என்று நெடுங்காலம் பலர் நம்பினர். கி.மு. நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்தரின் படையெடுப்பிற்குப் பின்னரே அது தீவு என்பது தெளிவாயிற்று. அலெக்சாந்தரின் கடற்படையில் பணியாற்றிய ஒனிசிகிரிடஸ் என்பவர் அங்குள்ள யானைகள் இந்திய யானைகளினும் பெரியவை என்று எழுதினார். சந்திரகுப்த மௌரியரின் அவைக்கு வந்த மெகஸ்தனிஸ் அங்கே பொன்னும் பெருமுத்தும் மிகுதி என்று எழுதினார். இவை யாவும் கேள்விச் செய்திகளே. அத்தீவிலே வாழ்ந்து பார்த்து எழுதியவை அல்ல.

இவ்வறியாமை மேலை நாட்டார்க்கே உரியது. இலங்கைக்கும் தமிழகத்திற்கும் இடையே உள்ள கடல், இரு கரையில் வாழ்ந்த மக்களுக்கும் முற்றம் போன்றது. அக்கடலோடிகளின் திறத்தைப் பிளினியே விளக்குகின்றார். அக்கடல் பெரும்பாலும் ஆழமற்றது. ஆயினும் சில கால்வாய்களில் நங்கூரம் எட்டாத ஆழம் உண்டு. குறுகிய நீர்வழியில் கப்பலைத் திருப்புதல் அரிது. ஆதலால் இருபுறமும் முகப்புடைய கலங்களை அவர்கள் செய்தனர். திருப்பாமலே முன்னும் பின்னும் செலுத்தினர். கரை தெரியாத இடத்தில், உடன்கொண்டு சென்ற பறவைகளைப் பறக்கவிட்டனர். பறவை நிலத்தை நாடிச் செல்லும் திசையிலே கலத்தைச் செலுத்தினர். இத்தகைய மக்களுக்கு இலங்கை புதிய தீவன்று. நாளும் சென்று வரும் அண்டைநாடு.

இனி, காற்றால் இழுக்கப்பட்டவனின் வரலாற்றைக் காண்போம். உரோமப் பேரரசில் வரி தண்டும் உரிமை ஏலத்தில் விடப்படுவதுண்டு. மிகுந்த தொகை தருவதாக ஒப்புக்கொண்டவர் அவ்வுரிமையைப் பெறுவர். அவ்வாறு செங்கடல் வழி நடைபெற்ற வாணிகத்தின் வரியைத் தண்டும் உரிமையை அன்னியஸ் புளோகாமஸ் என்னும் செல்வர் பெற்றிருந்தார். அவருடைய அலுவலை முன்னிட்டுக் கடலிற் சென்றவன், அவரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒருவன். உரோமச் செல்வர்கள் தம் வாணிகத்தைப் பெரும்பாலும் இத்தகையோரைக் கொண்டே நடத்தினர். செல்வர் மாளிகையில் இருப்பார். அலைகடலில் அலைபவன் விடுதலை பெற்ற அடிமையாக இருப்பான். ஊதியம் ஒருவருக்கு, இடர் ஒருவனுக்கு என்பதே அந்நாளைய நடைமுறை.

அவன் அரேபியக் கரையைச் சுற்றிச் சென்றுகொண்டிருந்தான். அப்போது வடக்கிலிருந்து வீசிய கடுங்காற்று அவனுடைய கலத்தைப் பற்றி இழுத்தது. பாரசீகத்தின் தென்கரையாகிய கார்மேனியாவையும் அது கடந்தது. பின்னர்ப் பல நாள் கடலும் வானுமே கண்ணுக்குத் தெரிந்தன. பதினைந்தாம் நாள் நிலம் தென்பட்டது. ஹிப்பூரோஸ் என்னும் துறையில் கலம் ஒதுங்கியது. கிரேக்க மொழியில் ‘ஹிப்போஸ்’ என்பது குதிரையைக் குறிக்கும். இலங்கையின் வடமேற்குக் கரையில் இன்றும் குதிரைமலை என்னும் முனை உள்ளது. அவன் கரையேறிய துறை அதுவே என்பது அறிஞர் சிலர் கருத்து.

கடலில் தப்பியவன் கரையில் தப்புவானா என்பது உறுதியன்று. அவன் மொழியை அங்கு அறிந்தவர் இல்லை. அவனுடைய பணமும் கைப்பற்றப்பட்டது. அவன் வணிகனோ, ஒற்றனோ, கொள்ளைக்காரனோ என்று ஐயுறுவதற்கு இடம் இருந்தது. ஆனால் அந்நாட்டு அரசன் அவனை அன்புடன் ஏற்று விருந்தோம்பினான். ஆறு திங்கள் அவன் அங்கே தங்கினான். அக்காலத்தில் அந்நாட்டு மொழியைப் பயின்றான். பின்னர் அரசன் கேட்ட வினாக்களுக்கு, அரசனுடைய மொழியிலேயே உரோமரைப் பற்றியும் அவர்தம் பேரரசரைப் பற்றியும் விடை கூறினான்.

இவ்விடத்தே சற்று நின்று எண்ணுதல் வேண்டும். கரையில் ஒதுங்கிய அன்றே அவன் அத்தீவைக் ‘கண்டவன்’ ஆயினான். ஆயினும் அன்று அவன் அறிந்தது என்ன? மணலும் மரமும் அறியாத முகங்களுமே. அவற்றை மட்டும் கண்டு அடுத்த காற்றிலே திரும்பியிருந்தால், மேலை நாட்டார் கேட்ட கதைகளோடு இன்னும் ஒரு கதை கூடியிருக்கும், அவ்வளவே. அவனை அங்கே கொண்டு சேர்த்தது காற்று; ஆனால் அவனை அறியச் செய்தது ஆறு திங்கள் உழைத்துக் கற்ற மொழி. தற்செயல் கதவைத் திறக்கும். உள்ளே நுழைந்து கற்பது மனிதனின் முயற்சி.

அரசன் கேட்டவற்றுள் அவன் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது படையின் பெருமையன்று. மாளிகையின் உயரமும் அன்று. கைப்பற்றிய பணத்தை அரசன் ஆராய்ந்தான். அவை ‘தெனாரியஸ்’ என்னும் உரோம வெள்ளிக் காசுகள். அவற்றில் வெவ்வேறு உருவங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. ஆதலால் அவை ஒருவரால் வெளியிடப்பட்டவை அல்ல, பலரால் வெளியிடப்பட்டவை என்பது தெரிந்தது. ஆனால் அவை அனைத்தும் ஒரே நிறையுடையவையாக இருந்தன. ஆள்பவர் மாறியும் அளவு மாறவில்லை. இதனைக் கண்ட அரசன் உரோமரின் நேர்மையை வியந்தான் என்று பிளினி எழுதுகின்றார். தமிழில் ‘நாணயம்’ என்னும் ஒரு சொல்லே காசையும் குறிக்கின்றது, நேர்மையையும் குறிக்கின்றது. அவ்வரசன் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அளந்தான்.

அக்காலத்துத் தெனாரியஸ் காசு, ஓர் உரோமப் பவுண்டு வெள்ளிக்கு 84 என்னும் கணக்கில் அடிக்கப்பட்டது. ஒரு காசின் நிறை ஏறத்தாழ 3.9 கிராம். அத்தகைய காசுகள் தமிழகத்திலும் புதையல்களாகக் கிடைத்துள்ளன. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்னும் இரு பேரரசரின் உருவம் தாங்கியவை. முகம் இரண்டு, நிறை ஒன்று. இலங்கை அரசன் கையில் வைத்து நோக்கிய காசுகளும் இத்தன்மையனவே எனலாம்.

நேர்மையுள்ள நாட்டோடு நட்புக்கொள்ள அவ்வரசன் விரும்பினான். நால்வரைத் தூதராகத் தேர்ந்து உரோமாபுரிக்கு அனுப்பினான். அவர்களுக்குத் தலைவன் பெயர் ராக்கியா. கி.பி. 41 முதல் 54 வரை ஆண்ட கிளாடியஸ் பேரரசரின் காலத்தில் அத்தூதர் உரோமாபுரியை அடைந்தனர். ஒருவன் வழிதவறிச் சென்றதன் பயனாக நால்வர் வழியறிந்து வந்தனர். அவர்கள் கூறியவற்றைக் கேட்டே, தப்ரபேனைப் பற்றிய தெளிவான அறிவு தம்மவர்க்குக் கிடைத்தது என்று பிளினி மகிழ்கின்றார்.

தூதர் கூறியனவாகப் பிளினி எழுதியவை அனைத்தும் உண்மையா? அவற்றுட் சிலவற்றை இன்றைக்கும் ஆராய்ந்து காணலாம். உரோமாபுரியில் தம் நிழல் வடக்கு நோக்கி விழுவதைக் கண்டு தூதர் வியந்தனராம். சூரியன் தம் நாட்டில் போலன்றி, இடப்புறம் தோன்றி வலப்புறம் மறைவதாகவும் கூறினராம். கேட்போர்க்கு இது கட்டுக்கதை போலத் தோன்றும். ஆனால் இது பெரிதும் மெய்யே. உரோமாபுரி ஏறத்தாழ 42 பாகை வட அகலாங்கில் உள்ளது. அங்கே நண்பகற் சூரியன் ஆண்டு முழுவதும் தென்வானிலேயே நிற்கும்; நிழல் எந்நாளும் வடக்கே விழும். இலங்கையோ 6 முதல் 10 பாகை வரையிலான வட அகலாங்கில் உள்ளது. அங்கே ஆண்டில் இருமுறை சூரியன் தலைக்கு நேர் மேலே வரும். அவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட கோடைத் திங்கள்களில் சூரியன் வடவானில் நிற்கும். நண்பகல் நிழல் தெற்கே விழும். அப்போது சூரியனை நோக்கி வடக்கே திரும்பி நிற்பவனுக்கு, அது வலப்புறம் தோன்றி இடப்புறம் மறையும்.

இதனை அறிய இலங்கைக்குச் செல்ல வேண்டுவதில்லை. போடிநாயக்கனூர் ஏறத்தாழ 10 பாகை வட அகலாங்கில் உள்ளது. அங்கே ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் சூரியன் உச்சிக்கு நேரே வரும். ஜூன் 21ஆம் நாள் வானம் தெளிந்திருந்தால், பள்ளி முற்றத்தில் ஒரு மீட்டர் நீளமுள்ள கோலைச் செங்குத்தாக நட்டுப் பார்க்கலாம். நண்பகலில் அதன் நிழல் தெற்கு நோக்கி ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் நீளத்திற்கு விழும். அதே நாளில் உரோமாபுரியில் நட்ட கோலின் நிழல் வடக்கு நோக்கி விழும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தூதர் கூறிய சான்றிற்கு ஒரு கோலும் ஒரு முற்றமும் இன்றும் கரி கூறுகின்றன.

விண்மீன்களைப் பற்றியும் பிளினி எழுதுகின்றார். தூதர் தம் நாட்டில் கனோபஸ் என்னும் பேரொளி விண்மீன் இரவில் விளங்குவதாகக் கூறினர். இதுவும் மெய்யே. அகத்தியர் பெயரால் தமிழர் அழைக்கும் அவ்விண்மீன் தென்னாட்டு வானில் நன்கு தெரியும்; உரோமாபுரியில் தெரியாது. ஆனால் எழுமுனிவர் கூட்டத்தையும் கார்த்திகைக் கூட்டத்தையும் உரோமாபுரியிலேயே முதலிற் கண்டவர் போலத் தூதர் வியந்தனர் என்னும் செய்தி பொருந்தாது. கார்த்திகை விண்மீன்களை இலங்கையிலும் தமிழகத்திலும் எவரும் காணலாம். எழுமுனிவர் கூட்டமும் வடவானில் தாழ்ந்து தெரியும். மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழையோ, வியப்பை மிகுத்துக் கூறும் ஆர்வமோ, இங்கே உண்மை வழுவியது. பெருநூலில் எழுதப்பட்டமையால் மட்டும் ஒன்று மெய்யாகிவிடாது. நிழலைச் சோதித்தது போலவே விண்மீனையும் சோதித்தல் வேண்டும்.

தீவின் நடுவே 375 மைல் சுற்றளவுள்ள ஏரி இருப்பதாகவும் பிளினி எழுதுகின்றார். அத்துணைப் பெரிய ஏரி இலங்கையில் இல்லை. ஆயினும் பெருங்குளங்களை வெட்டி, மழைநீரைத் தேக்கி, வயல் வளர்த்த நாடு அது. உண்மையின் சிறு வித்து ஒன்று மிகையாக வளர்ந்தது போலும். மக்கள் அரசனைத் தேர்ந்தெடுப்பர் என்றும், பிள்ளை இல்லாத முதியவரையே தேர்வர் என்றும் அவர் கூறுகின்றார். இலங்கையின் பழைய வரலாற்று நூலாகிய மகாவம்சமோ, தந்தைக்குப் பின் மகனும், அண்ணனுக்குப் பின் தம்பியும் ஆண்டதையே பெரிதும் கூறுகின்றது. அத்தீவில் எவர்க்கும் அடிமை இல்லை. பொழுது விடிந்தபின் எவரும் உறங்குவதில்லை. தானியத்தின் விலை உயர்வதில்லை. வழக்கும் மன்றமும் இல்லை என்றும் பிளினி அடுக்கிச் செல்கின்றார். இவை இலங்கையைக் காட்டுவதினும், உரோமாபுரியில் எவை குறைவாக இருந்தன என்பதையே மிகுதியாகக் காட்டுகின்றன. தொலைநாட்டைப் புகழ்ந்து தம் நாட்டின் குறையை உணர்த்துவது எக்காலத்தும் எழுத்தாளர் கையாளும் வழி.

அடிமையே இல்லாத நாடு என்று பிளினி போற்றிய அத்தீவை, அவருடைய உலகிற்கு அறிவித்தவன் அடிமையாய் இருந்தவனே. ஆயினும் அவன் பெயரைப் பிளினி எழுதவில்லை. வரி தண்டும் உரிமை பெற்ற செல்வரின் பெயர் நூலில் உள்ளது. தூதர் தலைவனின் பெயரும் உள்ளது. காற்றோடு போராடிக் கரையேறி, ஆறு திங்கள் மொழி கற்று, இரு நாட்டிற்கும் பாலமாய் நின்றவன் ‘அன்னியஸ் புளோகாமஸின் ஆள்’ என்ற அளவிலேயே நின்றுவிட்டான்.

இருபதாம் நூற்றாண்டில் இக்கதையோடு ஒரு கல்லெழுத்து வந்து சேர்ந்தது. நைல் ஆற்றங்கரையிலிருந்து செங்கடல் துறையாகிய பெரனிகே வரை, எகிப்தின் பாலைவனத்தை ஊடறுத்துச் செல்லும் பழைய வணிகப் பாதை ஒன்று உண்டு. மிளகும் முத்தும் ஒட்டகத்தின்மேல் அவ்வழியே சென்றன. அப்பாதையருகே பாறை ஒதுங்கிடம் ஒன்றில், கிரேக்க மொழியிலும் இலத்தீன் மொழியிலும் ஒருவன் எழுத்துப் பொறித்திருக்கின்றான். புபிலியஸ் அன்னியஸ் புளோகாமஸைச் சேர்ந்த லைசாஸ் என்பவன், அகஸ்டஸின் 35ஆம் ஆட்சியாண்டில் இங்கே வந்தான் என்பதே அதன் செய்தி. அது கி.பி. 6ஆம் ஆண்டு ஜூலைத் திங்களுக்குரியது. செல்வரின் பெயர் நூலிலும் கல்லிலும் ஒன்றாக இருத்தலால், இலங்கைக்குச் சென்ற நிகழ்ச்சி கிளாடியஸின் காலத்திற்கு முன்னரே நடந்திருக்கலாம் என்று ஆராய்வோர் கருதுகின்றனர். லைசாஸ்தான் இலங்கையில் ஒதுங்கியவன் என்று கல் கூறவில்லை. ஆனால் அதே தலைவருக்காக அதே வழியில் உழைத்த ஒருவன், கொளுத்தும் கோடையில் பாறை நிழலில் அமர்ந்து, ‘நான் இங்கே வந்தேன்’ என்று தன் பெயரைத் தானே பொறித்துக்கொண்டான். நூல் மறந்தவர்க்குக் கல் துணையாயிற்று.

இந்நிகழ்ச்சியைக் ‘கண்டுபிடிப்பு’ என்று கூறுதல் தகுமா? இலங்கை மக்களுக்கு இலங்கை தொலைந்து போகவில்லை; ஆகவே அதை எவரும் கண்டுபிடிக்க வேண்டுவதில்லை. உரோமர்க்கு மட்டுமே அது புதிது. அவ்வாறே, உரோமாபுரியும் அத்தூதர்க்குப் புதிது. வடக்கே விழும் நிழலைக் கண்டு அவர்கள் வியந்த அன்று, அவர்களும் ஒரு புதுநாட்டைக் கண்டுபிடித்தனர். எனவே, இங்கே உண்மையில் கண்டுபிடிக்கப்பட்டது ஒரு தீவன்று. ஒருவரையொருவர் அறியாத இரு மக்கள், ஒருவரையொருவர் நம்பலாம் என்று கண்டனர். அதுவே இந்நிகழ்ச்சியின் பயன்.

அந்நம்பிக்கைக்கு அடிப்படையாய் நின்றது காசின் நிறை. ஆனால் அந்நிறை நெடுநாள் நிற்கவில்லை. கி.பி. 64ஆம் ஆண்டில் நீரோ பேரரசர் தெனாரியஸின் நிறையைக் குறைத்தார். ஒரு பவுண்டு வெள்ளியிலிருந்து 84 காசுகளுக்குப் பதிலாக 96 காசுகள் அடிக்கப்பட்டன. வெள்ளியின் தூய்மையும் குறைந்தது. உருவம் பொலிவாகவே இருந்தது, உள்ளீடு குறைந்தது. இந்தியாவில் கிடைத்துள்ள உரோம வெள்ளிக் காசுப் புதையல்களில் மிகப் பெரும்பாலானவை, நிறை குறைவதற்கு முன் அடிக்கப்பட்ட காசுகளே. பழைய காசையே இந்நாட்டு வணிகர் விரும்பி ஏற்றனர் என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டுவர். பிளினி தம் நூலை முடித்தது 77ஆம் ஆண்டில். இலங்கை அரசன் வியந்த நேர்மையை அவர் பெருமையோடு எழுதிய நாளில், அந்நேர்மை உரோமரின் காசைவிட்டு நீங்கிப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

காற்று இன்றும் பழைய முறைப்படியே வீசுகின்றது. தென்மேற்கிலிருந்து வந்து ஏலமலையை நனைக்கின்றது. திசை மாறி வடகிழக்கிலிருந்து வந்து போடிநாயக்கனூரை நனைக்கின்றது. மலையிலிருந்து இறங்கும் ஏலக்காய் கடல் கடந்து, அதனை விளைவித்தவர் காணாத நாடுகளுக்குச் செல்கின்றது. அங்கே அதனை வாங்குவோர், சரம் சரமாய்க் குனிந்து பறித்த கைகளை அறியார். பறித்தவரின் பெயரையும் அறியார். ஆயினும் காயின் தரமும் நிறையும் பொய்யாதிருக்குமாயின், அம்மலைநாட்டின் நேர்மையை அறிவர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், பெயர் எழுதப்படாத ஒருவனுடைய பையில் இருந்த சில வெள்ளிக் காசுகள், அவன் வாய்திறப்பதற்கு முன்பே அவன் நாட்டிற்காகப் பேசின. ஒரு நாட்டின் பெயரைத் தொலைவிடத்தே காப்பது, அந்நாட்டு எளியவன் கையிலுள்ள நாணயமே.